ஹ போடாத அரி

“அரி” என்று என் மகள் சொன்னதும், எங்கே அரிக்கிறது என்று கேட்டேன்.

பிரசவத்துக்காகத் தஞ்சாவூரில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். வயிற்றில் அரிப்பு என்று மருத்துவர் ஒரு களிம்பு எழுதிக் கொடுத்திருந்தார். ஆகவே என் கேள்வியில் குற்றமில்லை. அவள் கைப்பேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

“அரிப்பு இல்லப்பா. பேரு. பிள்ளைக்குப் பேரு.”

குழந்தைகளுக்குப் பெயர் தேடித் தரும் இணையப் பக்கம் அது. ஆங்கிலத்தில் மூன்று எழுத்து. இருபாலருக்கும் ஏற்றது. மூலம்: எபிரேயம். (மூலம் என்ற சொல்லைப் பார்த்தால் என் வயதுக்காரர்களுக்கு வேறு கவலை வரும்.) பொருள்: சிங்கம். அதற்குக் கீழே இன்னொரு மூலம், ஏதோ ஒரு பனிநாட்டு மொழி. அதில் பொருள் கழுகு. பிறகு அதிர்ஷ்ட நிறம், அதிர்ஷ்டக் கல். இந்தப் பெயரைப் பார்த்தவர்கள் இவற்றையும் பார்த்தார்கள் என்று கடைசியில் ஒரு வரிசை, செருப்புக் கடை மாதிரி.

“சிங்கமா கழுகா, ஏதாவது ஒண்ண முடிவு பண்ணச் சொல்லு” என்றேன்.

“ரெண்டும்தான்பா. ஆணுக்கும் வைக்கலாம், பொண்ணுக்கும் வைக்கலாம். எந்த ஊர்லயும் ஈசியா கூப்பிடலாம்.”

“தமிழ்ல என்ன அர்த்தம்னு போட்டிருக்கா?”

“தமிழ்லயும் இருக்கா இது?”

பொறியியல் படிக்க வைத்தேன், அனுபவிக்கிறேன். எழுந்துபோய் அகராதியை எடுத்து வந்தேன். அரி என்றால் சிங்கம். அதுவரை சரி. அடுத்து குரங்கு. தவளை. பாம்பு. பகைவன். எமன். கண்ணில் ஓடும் சிவப்புக் கோடு. நெல் அறுக்கிறவர்கள் ஒரு கைப்பிடி அறுத்துத் தாளின்மேல் கிடத்திவிட்டுப் போவதும் அரி. வினைச்சொல்லாக வைத்துக்கொண்டால், கீரையை அரி, கல் போக அரிசியை அரி, கரையான் அரிப்பதும் அதே அரி. வாய்விட்டுப் படித்தேன். தவளை வரையில் சிரித்தாள். எமன் வந்ததும் அகராதியைப் பிடுங்கிக்கொண்டாள்.

“நீங்க எதுக்குத்தான் ஒத்துக்கிட்டிருக்கீங்க” என்று அடுப்படியிலிருந்து என் மனைவி கேட்டாள்.

நியாயமான கேள்வி. வருவாய்த் துறையில் இளநிலை உதவியாளராகச் சேர்ந்து வட்டாட்சியராக ஓய்வு பெற்றவன் நான். எதையும் உடனே ஒத்துக்கொள்ளாமல் இருப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம் கொடுத்தார்கள். ஒரு பட்டாவில் பெயருக்குப் பின்னால் ‘த/பெ’ வருமா ‘க/பெ’ வருமா, அதாவது தகப்பன் பெயரா கணவன் பெயரா என்று தெரியாமல் அண்ணன் தம்பிகள் கோர்ட்டுக்குப் போனதைப் பார்த்திருக்கிறேன். ஆணா பெண்ணா என்று காட்டாத பெயர் எல்லாக் காகிதத்திலும் ஒரு கேள்வியை எழுப்பும். தமிழில் அதற்கு மேலும் ஒரு சங்கடம் உண்டு. பெயரைப் பொதுவில் வைத்துவிடலாம். அடுத்த சொல்லிலேயே வந்தானா வந்தாளா என்று மொழி கேட்டுவிடும். வந்தாங்க என்று மரியாதை கொடுத்துத் தப்பிக்கலாம்தான். தொட்டிலில் கிடப்பதற்கு யார் அவ்வளவு மரியாதை கொடுக்கிறார்கள்?

இதையெல்லாம் மகளிடம் சொன்னேன். பொறுமையாகக் கேட்டாள். பிறகு, “எம் பிள்ளைக்கு ரெண்டு வீட்லயும் ஒரே பேருதாம்பா இருக்கணும்” என்றாள்.

காரணத்தைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் லுத்தரன் சபை. மாப்பிள்ளை வீட்டார் குடவாசல் பக்கம் நிலபுலத்தோடு இருந்த இந்துக் குடும்பம். இப்போது பிள்ளைகள் எல்லாம் வெளியூரில், வெளிநாட்டில். இருவரும் விரும்பிச் செய்துகொண்ட கல்யாணம். பதிவு அலுவலகத்தில் அறிவிப்பு ஒட்டுவதிலிருந்து சாட்சிக் கையெழுத்து வரை நானே முன்நின்று ஒரு பிழையில்லாமல் நடத்தினேன். மாப்பிள்ளை மஸ்கட்டுக்குத் திரும்பினார். குடும்ப விசா கிடைக்கும் வரை மகள் குடவாசலில் மாமியாரோடு இருப்பதாக ஏற்பாடு.

அவள் அங்கே போன வாரமே அவளுக்கு வேறு பெயர் வைத்துவிட்டார்கள். கெட்ட எண்ணமில்லை. எங்கள் வேதத்திலிருந்து வைத்த பெயர் உறவுக்காரர்களின் வாயில் நுழையவில்லை என்றார் சம்பந்தியம்மா. மூன்று எழுத்து நுழையாதவர்கள் ஐந்து எழுத்தில் ஓர் அம்மன் பெயரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு விசேஷ வீட்டில் யாரோ அந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட, இவள் திரும்பாமலேயே நின்றிருக்கிறாள். “மருமகளுக்குக் காது மந்தமா?” என்று கேட்டிருக்கிறார்கள். அதையாவது சிரித்துக்கொண்டே எங்களிடம் சொன்னாள். பிரசவத்துக்கு வந்த புதிதில் என் மனைவி கூடத்திலிருந்து அவளுடைய சொந்தப் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டபோது, அதற்கும் அவள் திரும்பவில்லை. இரண்டாம் முறை கூப்பிட்டதும்தான் தன்னைத்தான் என்று புரிந்தது. அன்று அவள் சிரிக்கவில்லை. அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள்.

ஆகவே குழந்தைக்கு எந்தச் சாமிக்கும் சொந்தமில்லாத பெயர். ஆணென்றாலும் பெண்ணென்றாலும் அதுவே, பிறந்த பிறகு யாரும் புதிதாக ஆரம்பிக்க முடியாதபடி. மஸ்கட்டும் தஞ்சாவூரும் தொலைபேசியில் பேசி முடிவு செய்தது இது. திட்டம் நல்ல திட்டம்தான். எங்கள் இரண்டு வீட்டுப் பெண்களையும் அவர்கள் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

பெயரைச் சொன்னதும் தொலைபேசியிலேயே சம்பந்தியம்மாவின் குரல் உருகிவிட்டது.

“அரியா? பெருமாள் பேரா? நான் கேக்கணும்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் சம்பந்தி, நீங்களா வச்சிட்டீங்க. உங்களுக்கு எவ்வளவு பெரிய மனசு.”

“அந்த அரி இல்லீங்க” என்று ஆரம்பித்தேன். அதற்குள் அவர் யாருக்கோ செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

இந்தப் பக்கம் என் மனைவி ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வெளியே வந்ததும், பேரப்பிள்ளைக்கு எபிரேயப் பெயர், யூதா கோத்திரத்துச் சிங்கம் என்று சபை முழுக்கச் சொல்லிவிட்டாள். போதகர் என் கையைக் குலுக்கினார். ஒருவருக்கும் சொந்தமில்லாத பெயரைப் பிள்ளை பிறப்பதற்கு முன்பே இரண்டு கட்சியும் தங்கள் கணக்கில் வரவு வைத்துக்கொண்டன.

பெண் குழந்தை பிறந்தது. நல்ல எடை, நல்ல குரல். மருத்துவமனையிலேயே பெயரையும் சேர்த்துப் பிறப்பைத் தெரிவித்துவிடலாம் என்றேன். பெயரைப் பிறகு சேர்க்கவும் வழியுண்டு, ஒரு வருஷத்துக்குள் என்றால் கட்டணமும் கிடையாது. ஆனால் மஸ்கட்டிலிருந்து விசாவுக்கான காகிதங்கள் வந்துவிட்டன. குழந்தைக்குப் பாஸ்போர்ட் எடுக்க வேண்டும்; அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். தமிழில் அரி என்றும் ஆங்கிலத்தில் அதன் மூன்று எழுத்தையும் என் கையால், அச்சடித்தது போல எழுதிக் கொடுத்தேன்.

சான்றிதழ் வந்தது. பெயர்: ஹரி. பாலினம்: ஆண். ஆங்கிலத்தில் மட்டும் நான் எழுதிய மூன்று எழுத்து அப்படியே இருந்தது.

நேரே பிறப்புப் பதிவு அலுவலகத்துக்குப் போனேன். தட்டச்சு செய்தது ஒரு பெண். நல்ல பெண்தான். என்னை உட்காரச் சொல்லி, மின்விசிறியை என் பக்கம் திருப்பிவிட்டுத்தான் பேசினாள்.

“நெறைய பேரு ஹ எழுதத் தெரியாம அ எழுதிடறாங்க சார். நாங்கதான் பாத்து சரி பண்ணித் தர்றோம்.”

“இங்கிலீஷ்ல ஹெச் இல்லியேம்மா.”

“அதயும் போடணும்னு நெனச்சேன் சார். மறந்துட்டேன்.”

“ஆண்னு எப்படி வந்துச்சு? ஆஸ்பத்திரிலேர்ந்து பெண்னுதானே வந்திருக்கு?”

“ஹரின்னு அடிச்சதும் கை தானா ஆணுக்குப் போயிருச்சு சார்.” பிறகு, என்மேல் உண்மையான அக்கறையோடு, “பொண்ணுன்னா ஹரிணின்னு போட்டுடட்டுமா சார்? அழகா இருக்கும்” என்றாள்.

நான் பணியில் இருந்த காலம் முழுக்க இப்படித் திருத்துகிறவர்களோடுதான் மல்லாடினேன். சோம்பேறிகளைச் சமாளித்துவிடலாம். உதவி செய்கிறவர்களிடம்தான் தப்பிக்க வழியில்லை.

அன்று மாலை சம்பந்தியம்மா குழந்தையைப் பார்க்கக் கற்கண்டும் தொட்டில் சேலையுமாக வந்திருந்தார். மேசைமேல் கிடந்த சான்றிதழை எடுத்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு படித்தார்.

“கவர்மெண்டே எழுதிக் குடுத்துருச்சு சம்பந்தி. இனிமே நாம என்ன பண்றது?”

“கவர்மெண்டு ஆம்பளப் பிள்ளைன்னும் எழுதிக் குடுத்திருக்குங்க.”

“அத மட்டும் மாத்திடுங்க.”

“அதெப்படி அத மட்டும்?” என்றாள் என் மனைவி. “முதல்ல எழுதுனது சிங்கம். அவங்களாப் பெருமாள் ஆக்கிட்டாங்க.”

“பெருமாளும் சிங்கமா வந்தவர்தாங்க” என்றார் சம்பந்தியம்மா. குழந்தைக்குத் துணி மாற்ற வேண்டும் என்று என் மனைவி உள்ளே போனாள். அப்போதுதான் மாற்றியிருந்தது.

மஸ்கட்டிலிருந்து மாப்பிள்ளை பேசினார். மகள் ஸ்பீக்கரில் போட்டாள்.

“மாமா, பாஸ்போர்ட்ல இங்கிலீஷ் மட்டும்தான் மாமா. அது சரியா இருக்கு. ஆண், பெண் மட்டும் மாத்திட்டா போதும், வேலை முடிஞ்சுரும். அம்மாவும் சந்தோஷமா இருக்காங்க. ஒரு எழுத்துக்குப் போயி எதுக்கு மாமா அலையணும்?”

அவர் சொன்னதில் நடைமுறைப்படி ஒரு தவறும் இல்லை. அதுதான் எரிச்சல். நானே யோசித்து வைத்திருந்த வாதம் அது.

மகள் ஸ்பீக்கரை அணைத்தாள். கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டாள். கூடத்தில் நாங்கள் எல்லோரும் இருக்கும்போதே, குரலை உயர்த்தாமல் சொன்னாள்.

“உங்களுக்கு ஒரே பேருதாங்க இருக்கு. அதான் ஒரு எழுத்துங்கிறீங்க.”

சம்பந்தியம்மா கற்கண்டுப் பொட்டலத்தைப் பிரித்துக்கொண்டிருந்தார். பிரிப்பதை நிறுத்தவில்லை. ஆனால் அதன் பிறகு அன்று முழுக்க அவர் என் மகளை எந்தப் பெயராலும் கூப்பிடவில்லை. “இந்தாம்மா”, “பாரும்மா” என்றே ஓட்டிவிட்டு, கடைசி பஸ்ஸுக்கு முன்னால் கிளம்பிப் போனார்.

அவர் போன பிறகு மகளிடம் ஒரு சமாதானம் சொல்லிப் பார்த்தேன். நம் ஜில்லாவில் யார் ஹ போட்டுப் பேசுகிறார்கள்? சம்பந்தியம்மாவும் மூச்சுக்கு மூச்சு அரி, அரி என்றுதான் சொல்கிறார். காதில் விழுவது ஒரே பெயர்தான். காகிதத்தில் எப்படி இருந்தால் என்ன?

“கூப்பிடுறதோட போயிராதுப்பா. இன்னிக்கு ஹரின்னு விட்டா, நாளைக்கு பொம்பளப் பிள்ளைக்கு இது பொருந்தலேன்னு பின்னால ஒண்ணு சேப்பாங்க. அம்மா சும்மா இருப்பாங்களா? அவங்க ஞானஸ்நானத்துக்குன்னு தனியா ஒண்ணு கொண்டு வருவாங்க. அப்பறம் அங்க ஒரு பேரு, இங்க ஒரு பேரு. ரெண்டு பேரு இருந்தா எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். உங்களுக்குத் தெரியாது.”

தெரியாதுதான். மறுநாள் காலை சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.

பிறப்பு இறப்புப் பதிவாளராக இருந்த சுகாதார ஆய்வாளர் மரியாதை தெரிந்தவர். மருத்துவமனை அறிக்கையின் நகலைப் பார்த்ததும் பாலினத்தை எழுத்துப் பிழை என்று ஏற்றுக்கொண்டார். பெயரில்தான் நின்றார்.

“சார், உங்களுக்குத் தெரியாததில்ல. எழுத்துப் பிழைன்னா நான் திருத்தலாம். பேர் மாற்றம்னா அரசிதழ்ல போடணும். ஹரியும் அரியும் ஒரே பேருதானே, எதுக்குத் திருத்துனீங்கன்னு ஆடிட்ல ஒருத்தன் கேட்டா நான் மாட்டிக்குவேன். நீங்க எழுதிக் குடுத்ததே வேற பேரு, நாங்கதான் தப்பா அடிச்சோம்னு காட்டணும். பேருக்கு என்ன பொருள், எங்கேர்ந்து வந்துச்சுன்னு மனுவுல ஒரு வரி எழுதிக் குடுத்துடுங்க.”

அங்கேயே பெஞ்சில் உட்கார்ந்தேன். பிடிக்காத ஒரு பெயருக்குப் பொருளும் மூலமும் எழுதும் வேலை எனக்கு வந்து சேர்ந்தது.

சிங்கம் என்று எழுதலாம். ஆனால் வடமொழியில் ஹரிக்கும் சிங்கம் என்ற பொருள் உண்டு. சம்பந்தியம்மா முந்திய நாளே அந்த வாசலை அடைத்துவிட்டார். எபிரேயம் என்று எழுதினால் ஆதாரம் கேட்பார்கள்; ஆதாரம் என்று நான் காட்டக்கூடியது செருப்புக் கடை மாதிரியான ஓர் இணையப் பக்கம். கழுகும் அதே கடைச் சரக்கு. குரங்கு, தவளை, பாம்பு எல்லாம் ஹரியிலும் இருக்கின்றன; மொத்தக் காடும் அந்த ஒரு சொல்லில் அடங்கிவிட்டது. பகைவன் என்பதில் ஹ வராது என்றாலும், பேத்தியை அப்படி அறிமுகப்படுத்த முடியாது. கீரை அரிவதை எழுதினால் மனுவைப் படிக்கிறவர் சிரிப்பார்.

ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தபோது நெல் மட்டும் நின்றது. பூதலூர் பக்கம் நான் வருவாய் ஆய்வாளராக இருந்தபோது, அறுவடைச் சேதம் பார்க்க வயலில் இறங்கினால் முதலில் கண்ணில் படுவது அரிதான். மழையில் நனைந்து முளைவிட்ட அரியை எடுத்துக் காட்டி, இதை எழுதிக்கங்க சார் என்பார்கள். ஹ போட்டால் கெட்டுப்போகிற பொருள் இது. ஹரி என்று எழுதினால் எந்த வயலிலும் அதற்கு இடமில்லை.

எழுதினேன்: ‘அரி என்பது தமிழ்ச் சொல். நெல் அறுவடையில் ஒரு கைப்பிடியாக அறுத்து வைக்கப்படும் கதிர்த்தாள் என்று பொருள்படும். இது ஹரி என்ற பெயரின் திரிபு அன்று. ஆண், பெண் இருபாலருக்கும் பொதுவானது.’ கடைசி வரிக்கு என்னிடம் ஆதாரம் இல்லை. கைப்பிடி நெல்லுக்குப் பால் இல்லை என்ற தைரியத்தில் எழுதினேன்.

ஆய்வாளர் படித்தார்.

“இப்ப எல்லாம் மெஷின்தான் சார். அரி எங்க இருக்கு?”

“எங்க வீட்ல ஒண்ணு இருக்குங்க. பாஸ்போர்ட்டுக்குக் காத்துக்கிட்டிருக்கு.”

வாய்விட்டுச் சிரித்தார். ஆனால் கையெழுத்து அன்று போடவில்லை. அதற்குரிய நாள் எடுத்துக்கொண்டுதான் போட்டார். நானாக இருந்தாலும் அப்படித்தான் செய்திருப்பேன்.

திருத்திய சான்றிதழைக் கொண்டு வந்து வைத்ததும் என் மனைவி கைகூப்பி ஸ்தோத்திரம் சொன்னாள். கடைசியில் சிங்கம்தான் ஜெயித்தது என்றாள். மனுவின் நகலைக் காட்டினேன்.

“நெல்லா? சபையில நான் என்னத்தச் சொல்றது?”

“நெல்லுன்னு சொல்லு. எல்லாரும் சாப்பிடுறவங்கதானே.”

இரண்டு நாள் என்னோடு சரியாகப் பேசவில்லை. குடவாசலிலும் மகிழ்ச்சி இல்லை. மாப்பிள்ளை தன் அம்மாவிடம் எல்லாவற்றையும் எடுத்துச் சொன்னாராம். “அறுத்துப் போடுறத எந்தப் பிள்ளைக்காவது பேரா வைப்பாங்களா?” என்று மட்டும் சம்பந்தியம்மா கேட்டாராம். எந்தக் கட்சிக்கும் பிடிக்காத தீர்ப்பு சரியான தீர்ப்பாகத்தான் இருக்கும் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். மகள் அந்தச் சான்றிதழை இரண்டு மூன்று பிரதி எடுத்து வைத்தாள்.

பாஸ்போர்ட் வந்தது, விசா வந்தது. புறப்படுவதற்கு முதல் வாரம் சம்பந்தியம்மா தங்கிப் போக வந்தார். சண்டை எதுவும் போடவில்லை. பேத்தியை மடியிலிருந்து இறக்கவில்லை. அரி, அரி என்று கொஞ்சினார். அதில் ஹ இருந்ததா என்று நான் கவனித்துப் பார்த்துத் தோற்றேன்.

மகளைத்தான் எப்படிக் கூப்பிடுவது என்று தெரியாமல் திண்டாடினார். தாம் வைத்த பெயரை எடுக்கச் சங்கடம். நாங்கள் வைத்த பெயரை எடுக்க மனமில்லை. இரண்டாம் நாள் காலை, குழந்தை பசித்து அழுதது. மகள் கொல்லையில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். சம்பந்தியம்மா பின்வாசலுக்கு வந்து நின்றார்.

“அரியம்மா” என்று கூப்பிட்டார். “பிள்ளைக்குப் பசி வந்துருச்சு பாரு.”

எங்கள் பக்கத்தில் இது ஒன்றும் புதிதில்லை. பிள்ளை பெற்றவளைப் பிள்ளையின் பெயரால் கூப்பிடுவது இரண்டு வீட்டுக்கும் பொதுவான வழக்கம்தான். இருந்தாலும் கேட்டதும் எனக்குச் சுருக்கென்றது. மகள், “வந்துட்டேன் அத்தே” என்று கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனாள். மதியம் என் மனைவி ஊறுகாய் ஜாடியைக் கட்டிக்கொண்டே, “இது போதுமான்னு அரியம்மாவக் கேளுங்க” என்றாள். அவளுக்கும் அது வசதியாக இருந்திருக்கிறது. சம்பந்தியம்மாவின் எதிரில் எந்தப் பெயரைச் சொல்வது என்ற தொல்லை அவளுக்கும் இருந்ததுதானே.

எனக்குத்தான் பொறுக்கவில்லை. ஒரு கைக்குழந்தையின் பெயரில் ஓர் எழுத்துக்காக நான் மனு எழுதி, நடையாய் நடந்து வென்றிருக்கிறேன். ஞானஸ்நானத்தன்று நாங்கள் யோசித்து வைத்த என் மகளின் பெயரை, மனுவும் இல்லாமல் அறிவிப்பும் இல்லாமல், ஒரு காலையிலும் ஒரு மதியத்திலுமாக இரண்டு வீட்டுப் பெண்களும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டார்கள். பெட்டி கட்டிக்கொண்டிருந்தவளிடம் போய் நின்றேன்.

“ஏம்மா, உம் பேரச் சொல்லிக் கூப்பிடச் சொல்லி அவங்க ரெண்டு பேர்ட்டயும் சொல்லட்டுமா?”

குழந்தையின் சட்டைகளைச் சுருட்டிப் பெட்டியின் ஓரத்தில் செருகிக்கொண்டிருந்தாள். நிமிரவில்லை.

“வேணாம்ப்பா” என்றாள். “இப்பதான் ரெண்டு பேரும் ஒண்ணா கூப்பிடுறாங்க.”